அங்கோர் கோயில்களுக்கு அம்மாவை அழைத்துப் போகலாமா?

ஜனவரியில் மூன்று நாள் கம்போடியாவின் சியம் ரீப் போகிறீர்கள். அம்மாவுக்கு 67 வயது, முழங்கால் வலி. "அங்கோர் வாட் சோழர் கட்டிய கோயில்" என்று வாட்ஸ்அப்பில் வந்த செய்தியைப் பார்த்ததிலிருந்து அவருக்கு ஆசை. பூஜை நடக்காத, இடிந்த கோயில்களுக்கு மூன்று நாள் தேவையா, ஒரு நாள் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி நாள் கணக்கைப் பற்றியதுதான். ஆனால் அதன் அடியில் இருப்பது வேறு: அத்தனை தூரம் கூட்டிப் போய் நிறுத்தினால் அம்மாவுக்கு அது கோயிலாகத் தெரியுமா, வெறும் கற்குவியலாகத் தெரியுமா? கோயிலாகவே தெரியும். அதற்கு இரண்டு விஷயம் வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு கோயிலுக்கு மேல் போகக் கூடாது. சோழனைத் தேடிக்கொண்டும் போகக் கூடாது.

நான் கட்டடக்கலை படித்தவன். இருபத்திரண்டு வருடமாகப் பழைய கற்கோயில்களின் சீரமைப்பு வேலையில் இருக்கிறேன். சியம் ரீப்புக்கு ஆறு முறை போயிருக்கிறேன். அதில் ஒரு முறை என் மாமியாரோடு. கல், கட்டுமானம், சிற்பம் பற்றி நம்பிக்கையோடு பேச முடியும். கம்போடியர்களின் மொழியான கெமரில் உள்ள கல்வெட்டுகளை நேரடியாகப் படிக்கத் தெரியாது. அவற்றைப் பற்றிச் சொல்வதெல்லாம் படித்தவர்களின் பதிப்புகளை நம்பிச் சொல்வது.

முதலில் அந்த வாட்ஸ்அப் செய்தி. அங்கோர் வாட்டைக் கட்டியவன் கெமர் அரசன் இரண்டாம் சூரியவர்மன். 1113-ல் பட்டத்துக்கு வந்தவன். ராஜேந்திர சோழன் 1044-லேயே இறந்துவிட்டான். இடையில் கிட்டத்தட்ட எழுபது வருடம். அங்குள்ள கல்வெட்டுகள் சமஸ்கிருதத்திலும் கெமரிலும் இருக்கின்றன. 'வர்மன்' என்ற பின்னொட்டு பல்லவர்களுக்கும் இருந்ததே என்பார்கள். அது கதம்பர்களுக்கும் இருந்தது, மௌகரிகளுக்கும் இருந்தது. சமஸ்கிருதப் பட்டப்பெயரை வைத்துப் பரம்பரை சொல்ல முடியாது. கட்டுமானமும் நம்முடையதல்ல. நம் விமானம் கருவறையின் மேல் எழுவது. அவர்களுடையது கோயிலையே மலையாக்கும் வேலை: மேடைமேல் மேடையாக உயர்த்தி, உச்சியில் ஐந்து கோபுரங்களை மேருவின் சிகரங்கள்போல் நிறுத்துவது. உள்ளே செம்புரைக் கல்லை நிரப்பி, வெளியே மணற்கல் போர்த்தியிருப்பார்கள். அந்த முறைக்கு அவர்களிடமே முந்நூறு வருட வளர்ச்சி இருக்கிறது. 881-ல் எழுந்த பகோங், 961-ல் எழுந்த ப்ரே ரூப் என்று படிப்படியாக அதைக் கண்ணால் பார்க்கலாம். இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அங்கே வழிகாட்டியாக வரும் இளைஞனுக்கு அது அவன் முப்பாட்டன் வீடு. அதன் உருவம் அவன் நாட்டுக் கொடியிலேயே இருக்கிறது. அவன் முன்னால் நின்று "இது எங்கள் ராஜா கட்டியது" என்று நம்மவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அவன் சிரித்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டான். எனக்குத்தான் தாங்கவில்லை.

தொடர்பே இல்லையா என்றால், இருக்கிறது. உறுதியாகச் சொல்லக்கூடியது இரண்டு ஆவணங்கள். ராஜேந்திர சோழனின் கரந்தைச் செப்பேடு, காம்போஜ மன்னன் நட்பை வேண்டி ராஜேந்திரனுக்கு ஒரு தேர் அனுப்பியதாகச் சொல்கிறது. 1114-ஆம் ஆண்டுச் சிதம்பரம் கல்வெட்டு ஒன்று, காம்போஜ மன்னன் காட்சிப்பொருளாக அளித்த ஒரு கல்லைக் குலோத்துங்க சோழன் அந்தக் கோயிலின் எதிரம்பலத்தில் பதிக்கச் செய்ததைப் பதிவு செய்கிறது. 1114 என்பது சூரியவர்மன் பட்டமேறிய மறு வருடம். அந்தக் 'காம்போஜம்' இன்றைய கம்போடியாதான் என்பது பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்ற கருத்து. வடமேற்கு இந்தியாவிலும் அதே பெயரில் ஒரு நாடு இருந்ததால் சின்ன ஐயம் தங்கியிருக்கிறது. தூதும் பரிசும் போய்வந்த இரண்டு அரசுகள் என்ற அளவில் நிறுத்திக்கொள்வது நேர்மை.

ஆனால் அம்மாவுக்குக் காட்ட இதைவிட நெருக்கமான ஒன்று அங்கே இருக்கிறது. ஊரிலிருந்து 35 கி.மீ. அளவில் உள்ள பந்தேய் ஸ்ரே. இளஞ்சிவப்பு மணற்கல்லில் செய்த சிறிய சிவன் கோயில். 967-ல் பிரதிஷ்டை ஆனது. கட்டியவர் அரசரல்ல, ஐந்தாம் ஜெயவர்மனின் குரு யக்ஞவராகர். மூலவர் பெயர் திரிபுவனமகேஸ்வரர். இதன் கிழக்குக் கோபுர வாசலின் முகப்பில் சிவன் ஆடுகிறார். அவர் காலடியில், ஓரமாக, எலும்பும் தோலுமாக வற்றிய மார்போடு ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். அது காரைக்கால் அம்மையார் என்று அடையாளம் கண்டவர்கள் பிரெஞ்சு ஆய்வாளர்கள். பெயர் பொறித்த கல்வெட்டு அதன் கீழ் இல்லை, ஆகவே இது உருவத்தை வைத்துச் செய்த முடிவுதான். ஆனால் ஆடும் சிவனின் காலடியில் பேய் உருவில் ஒரு பெண் இருந்து பாடுவது வேறு எந்தக் கதையில் வருகிறது? நான் அதை ஏற்கிறேன். நம் ஊரிலிருந்து அங்கே போனது படையும் அல்ல, கொத்தனும் அல்ல. பாட்டுப் பாடிய ஒரு பெண்ணின் பக்தி போயிருக்கிறது. எனக்கு அது எந்த வெற்றியையும்விடப் பெரிதாகப் படுகிறது.

அதனால் முதல் நாளே அங்கே போய்விடுங்கள். எல்லாரும் அங்கோர் வாட்டில் தொடங்குவார்கள்; பிறகு இந்தச் சின்னக் கோயில் கண்ணில் ஏறாது. காலை ஏழரைக்குத் திறந்ததும் உள்ளே இருப்பதுபோல் கிளம்புங்கள். கோயில் கிழக்கு நோக்கியது, காலை வெயில் நேராக முகப்பில் விழும். ஒன்பதரைக்கு மேல் பேருந்துக் கூட்டம் வந்துவிடும். கோயில் பெரும்பாலும் சமதரை, வாசற்படிகள் சிலவற்றைத் தாண்டினால் போதும். நடு மேடையில் ஏற விடுவதில்லை, கயிற்றுக்கு வெளியே நின்றுதான் எல்லாரும் பார்க்கிறார்கள். அதனால் முழங்கால் வலிக்காரர் எதையும் இழப்பதில்லை. 'நூலகம்' என்று பெயரிட்டு அழைக்கும் இரண்டு சிறு கட்டடங்களில் தெற்கு நூலகத்தின் முகப்பில் இராவணன் கயிலையைத் தூக்குகிறான். சம்பந்தர் பதிகங்களில் எட்டாம் பாட்டில் தவறாமல் வருகிற அதே காட்சி. அம்மாவுக்குத் தேவாரப் பழக்கம் இருந்தால் அங்கே நின்று ஒரு பாட்டுச் சொல்லச் சொல்லுங்கள். மேற்குக் கோபுரத்தில் வாலியும் சுக்ரீவனும் கட்டிப் புரள்கிறார்கள். வடக்கு நூலகத்தில் கண்ணன் கம்சனைக் கொல்கிறான். இதற்கெல்லாம் வழிகாட்டியே வேண்டாம்.

இரண்டாம் நாள் அங்கோர் வாட். இங்கே ஒரு பொது நம்பிக்கையை உடைத்துவிடுகிறேன். விடியற்காலை நான்கரைக்கு எழுப்பி, இருட்டில் குளக்கரையில் ஆயிரம் பேரோடு நிறுத்தி, சூரியோதயம் காட்டுவார்கள். கோயில் மேற்கு நோக்கியது. சூரியன் அதன் முதுகுப்பக்கம் எழுகிறது. கோபுரங்களின் கருநிழல் அழகுதான், ஆனால் முகப்பில் ஒரு சிற்பமும் தெரியாது. உங்களுக்கு ஆசையிருந்தால் நீங்கள் மட்டும் போய்வாருங்கள். அம்மா தூங்கட்டும். உதயம் முடிந்ததும் கூட்டம் காலை உணவுக்குக் கலைந்துவிடும். எட்டு மணியளவில் உள்ளே போவது நல்லது. முகப்பில் பொன்னொளி விழுவது பிற்பகலில்.

அகழி 190 மீட்டர் அகலம். பாதுகாப்புக்கும் அழகுக்கும் மட்டுமல்ல, கோயில் நிற்பதற்கே அது உதவுகிறது: அடித்தளம் மணல், நிலத்தடி நீர் மட்டம் இறங்காமல் அந்த மணல் ஈரமாக இருக்கும்வரைதான் மேலே உள்ள பாரம் அசையாமல் நிற்கும். ஊரில் விடுதிகள் பெருகி நிலத்தடி நீரை உறிஞ்சியபோது பாதுகாப்பாளர்கள் பதறியது இதனால்தான். அகழியைத் தாண்டி மேற்கு வாசலில் நுழைந்ததும் வலப்பக்கம் எட்டுக் கைகளோடு ஒரு விஷ்ணு நிற்கிறார். ஊர்மக்கள் 'தா ரீச்' என்று பெயரிட்டு, ஊதுவத்தி ஏற்றி, பூ வைத்துக் கும்பிடுகிறார்கள். பூஜை இல்லாத கோயில் என்று எழுதியிருந்தீர்களே, அம்மா இங்கே தாராளமாகக் கைகூப்பலாம். உள்ளே உள்ள புத்தர் சிலைகளுக்கும் வழிபாடு உண்டு. வளாகத்திலேயே பிக்குகளின் மடம் இருக்கிறது. இந்தக் கோயில் காட்டுக்குள் தொலைந்து 1860-ல் ஐரோப்பியர் ஒருவர் கண்டுபிடித்தது என்பது உண்மையல்ல. விஷ்ணு கோயில் புத்தர் கோயிலாக மாறியது. வழிபடுவோர் எப்போதும் இருந்தார்கள்.

முதல் திருச்சுற்றுக்குள் நுழைந்ததும் அம்மா பழக்கத்தில் இடப்பக்கம் திரும்பிப் பிரதட்சிணமாகப் போகப் பார்ப்பார். வலப்பக்கம் திரும்பச் சொல்லுங்கள். இங்குள்ள புடைப்புச் சிற்பங்கள் அப்பிரதட்சிணமாகப் படிக்க வேண்டியவை. மையம் உங்கள் இடது கைப்பக்கம் இருக்கும். இது உறுதி. ஏன் அப்படி என்பதுதான் விவாதம். நம் மரபில் எதிர்வலம் வருவது இறுதிச் சடங்கில். மேற்கு நோக்கிய வாசலையும் சேர்த்துப் பார்த்து, இது சூரியவர்மனின் நினைவாலயம் என்று பலர் சொல்கிறார்கள். இறந்த பின் அவனுக்கு வழங்கிய பெயர் பரமவிஷ்ணுலோகன். வாழும்போது விஷ்ணு கோயில், இறந்தபின் அவன் விஷ்ணுவோடு கலந்த இடம் என்று இரண்டுமாக இருந்திருக்கலாம் என்பது எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. ஆனால் அவன் உடலோ சாம்பலோ அங்கே கிடைத்ததில்லை.

வலப்பக்கம் திரும்பியதும் குருக்ஷேத்திரம். இடமிருந்து கௌரவர், வலமிருந்து பாண்டவர், நடுவில் கைகலப்பு. அம்புப் படுக்கையில் பீஷ்மர் கிடப்பதை அம்மாவே கண்டுபிடிக்கட்டும். நீங்கள் விரல் நீட்டாதீர்கள். என் மாமியார் அங்கே போகும்வரை கால்வலி, வெயில் என்று முனகிக்கொண்டிருந்தவர். பீஷ்மரைக் கண்டதும், "அட, தாத்தா!" என்று பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்ததுபோல் சொன்னார். பக்கத்தில் நின்ற வெளிநாட்டுக்காரர்கள் கையேட்டைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்து தெற்குச் சுவரில் சூரியவர்மனின் படை ஊர்வலம், அதைத் தாண்டினால் எமலோகம். எருமைமேல் பல கைகளோடு எமன். கணக்குப் பார்க்கச் சித்திரகுப்தன். 32 நரகங்கள், 37 சொர்க்கங்கள், கூடவே சின்னக் கல்வெட்டுக் குறிப்புகள். நரகங்களில்தான் சிற்பி விளையாடியிருக்கிறான், சொர்க்கங்கள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும்.

கிழக்குச் சுவரின் தெற்குப் பாதிதான் உச்சம்: பாற்கடல் கடைதல். ஏறக்குறைய 49 மீட்டர் நீளம். 92 அசுரர்கள், 88 தேவர்கள். வாசுகி ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நீண்டு கிடக்கிறது. நடுவில் விஷ்ணு, கீழே ஆமை, மேலே நுரையிலிருந்து எழும் அப்சரஸ்கள். அந்தத் தோள்கள் எல்லாம் ஒரே கோணத்தில் சாய்ந்து இழுக்கும் தாளத்தைப் பாருங்கள். கல்லில் இப்படி ஒரு இழுவிசையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. காலை வெளிச்சம் தூண்களுக்கிடையே சாய்ந்து வரும்போது உருவங்கள் எழுந்து நிற்கும். இதனால்தான் காலையில் போகச் சொன்னேன். இங்கேயே அரைமணி உட்காருங்கள். இதற்கு அப்பால் கிழக்கு, வடக்குச் சுவர்களில் சில பகுதிகள் 16-ஆம் நூற்றாண்டில் செதுக்கியவை. கை நேர்த்தி குறைவு, விட்டுவிடலாம். மேற்குச் சுவரின் வடபாதியில் உள்ள இலங்கைப் போரை விடக் கூடாது. அனுமன் தோள்மேல் இராமன், பின்னால் இலக்குவனும் விபீஷணனும். அம்மாவுக்குத் தெம்பிருந்தால் குருக்ஷேத்திரத்துக்கு முன்பே அதை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாம்.

பாற்கடலைப் பார்த்து முடித்ததும் வந்த வழியே திரும்பாதீர்கள். வண்டிக்காரரிடம் கிழக்கு வாசலுக்கு வந்து நிற்கச் சொல்லிவிட்டால் மரநிழலில் நடந்து வெளியேறலாம். மொத்தம் இரண்டு கி.மீ. அளவு நடை. அதுவும் அதிகம் என்றால் கிழக்கிலேயே நுழைந்து, பாற்கடலும் எமலோகமும் பார்த்துவிட்டுக் கிழக்கிலேயே திரும்புங்கள். மூன்றாம் நிலையான 'பகான்' மேடைக்கு அம்மாவை ஏற்ற வேண்டாம். பழைய படிகள்மேல் மரப்படி போட்டுக் கைப்பிடி வைத்திருக்கிறார்கள், இருந்தாலும் ஏணிபோல் செங்குத்து. ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலைக் கொல்லும். பௌத்த விரத நாட்களில் அது மூடியிருக்கும். நீங்கள் ஏறுவதானால் தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம்.

மூன்றாம் நாள் அங்கோர் தோம் கோட்டையின் தெற்கு வாசல், பாயோன், பிறகு தா ப்ரோம். இவை மூன்றுமே ஏழாம் ஜெயவர்மன் காலத்தவை, அவன் பௌத்தன். வாசல் பாலத்தில் ஒருபக்கம் 54 தேவர்கள், மறுபக்கம் 54 அசுரர்கள் நாகத்தை இழுக்கிறார்கள். முந்தின நாள் சுவரில் பார்த்த கதையே இங்கே ஆளுயரத்துக்கு மேல் எழுந்து நிற்கும். பாயோனின் கோபுரங்களில் உள்ள பெரிய முகங்கள் யாருடையவை, பௌத்தர் வணங்கும் போதிசத்துவர் அவலோகிதேஸ்வரரா, பிரம்மாவா, அரசனேயா என்பது இன்னும் தீராத கேள்வி. மேல்தளத்துக்குப் படிகள் மோசம். கீழே வெளிச்சுவரில் மீன் விற்பவள், சேவல் சண்டை, பிரசவம் என்று அன்றாட வாழ்க்கை செதுக்கியிருக்கிறது. அம்மாவுக்கு அதுவே போதும். தா ப்ரோம் 1186-ல் அந்த அரசன் தன் தாயின் நினைவாக எழுப்பியது. அம்மாவை அழைத்துக்கொண்டு போகும் உங்களிடம் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கோயிலுக்குள் வாழ்ந்தவர்கள் 12,640 பேர் என்று அதன் கல்வெட்டே கணக்குச் சொல்கிறது. மரங்கள் சுவரை விழுங்கிக்கொண்டிருப்பது இங்கேதான். அங்கோரைப் பராமரிக்கும் கம்போடியாவின் அப்சரா ஆணையத்தோடு சேர்ந்து இதைச் சீரமைப்பது நம் இந்தியத் தொல்லியல் துறை. என் தொழிலில் இதைவிடச் சிக்கலான வேலை அரிது: மரத்தை எடுத்தால் சுவர் சரியும், விட்டால் வேர் கல்லைப் பிளக்கும். அதே துறை 1986 முதல் 1993 வரை, உள்நாட்டுப் போர் ஓயாதபோது, அங்கோர் வாட்டிலும் வேலை செய்தது. அப்போது பயன்படுத்திய சுத்திகரிப்பு ரசாயனங்கள் பற்றி விமர்சனம் உண்டு, அதில் நியாயமும் உண்டு. ஆனால் பலரும் வரத் துணியாத வருடங்களில் அவர்கள் போனார்கள்.

நுழைவுச்சீட்டு ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62 டாலர். நான் கடைசியாகப் போனபோது இருந்த விலை இது. மூன்று நாள் சீட்டைப் பத்து நாட்களுக்குள் எந்த மூன்று நாளிலும் பயன்படுத்தலாம். ஆகவே நடுவில் ஒரு நாள் ஓய்வு வைக்க முடிந்தால் நாலு நாளாக நீட்டிக்கொள்ளுங்கள். சீட்டு கோயில் வாசலில் கிடைக்காது. ஊரில் உள்ள அதிகாரபூர்வ அலுவலகத்திலோ இணையத்திலோதான் வாங்க வேண்டும். வேறு யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். விசாவும் அப்படித்தான்: அரசின் இணையதளத்தைப்போலவே தோற்றம் தரும் தரகர் தளங்கள் இருக்கின்றன. 2023 அக்டோபரில் திறந்த புதிய விமான நிலையம் ஊரிலிருந்து நாற்பது கி.மீ.க்கு மேல், விடுதிக்கே சொல்லி வண்டி வைத்துக்கொள்ளுங்கள். பாங்காக்கிலிருந்து தரைவழியாகப் போகும் எண்ணம் இருந்தால் விடுங்கள். 2025-ல் இரு நாடுகளுக்கும் மோதல் மூண்டு எல்லை மூடப்பட்டது. கையில் டாலரைச் சின்ன நோட்டுகளாக, கிழிசல் இல்லாமல் வைத்திருங்கள். ஓரம் கிழிந்த நோட்டை யாரும் வாங்க மாட்டார்கள். இருபது டாலர் நோட்டு ஒன்றை அப்படியே திரும்பக் கொண்டுவந்தேன்.

அம்மா சைவம் என்றால் ஒரு எச்சரிக்கை. காய்கறிக் குழம்பு என்று வருவதிலும் மீன் சாறும் 'ப்ரஹோக்' என்ற மீன் விழுதும் இருக்கும். 'பூஸ்' என்று சொன்னால் சைவம் என்று புரிந்துகொள்வார்கள். ஊருக்குள் இந்திய உணவகங்கள் உண்டு, ஆனால் கோயில் பக்கம் மதியம் கிடைப்பது அரிது. காலையில் கிளம்பும்போதே கட்டுச்சோறு எடுத்துக்கொள்வது உத்தமம். ஜனவரி நல்ல மாதம்தான், இருந்தாலும் பதினொரு மணிக்கு மேல் கல் தரை சூடேறும். முதல் முறை நான் போனபோது ஒரு பயண ஏற்பாட்டாளர் ஒரே நாளில் ஏழு கோயில் காட்டினார். எந்தச் சிற்பம் எந்தக் கோயிலில் இருந்தது என்று இன்றும் அந்த நாள் குழம்பிக் கிடக்கிறது. பதினொன்றரைக்கு விடுதிக்குத் திரும்பி, சாப்பிட்டுப் படுத்து, மூன்றரைக்கு மேல் மறுபடி கிளம்புங்கள்.

வாசல்களில் குழந்தைகள் அஞ்சலட்டையும் வளையலும் விற்க ஓடி வருவார்கள். அம்மாவுக்கு மனசு கேட்காது. ஆனால் அவர்களிடம் வாங்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். விற்பனை நடக்க நடக்க அவர்கள் பள்ளிக்கூடம் போவது நின்றுவிடும். பெரியவர்கள் நடத்தும் கடையில் இளநீர் வாங்குங்கள். கடைசி நாள் மாலை எந்தக் கோயிலும் வைக்காதீர்கள். ஸ்ரா ஸ்ராங் என்று ஒரு பழைய குளம், அகலமான கற்படித்துறையோடு இருக்கிறது. ஐந்து மணி வாக்கில் அம்மாவை அங்கே உட்கார வைத்துவிட்டு, சுவர்களில் பார்த்த கதைகளை அவரையே சொல்லச் சொல்லுங்கள். வழிகாட்டிப் பையன் கூட இருந்தால் அவனுக்கும் மொழிபெயர்த்துச் சொல்லுங்கள். இராமாயணத்தை அவர்கள் 'ரியாம்கேர்' என்பார்கள், அவனிடம் வேறு முடிச்சுகளோடு ஒரு கதை இருக்கும்.